துவர்ப்பும் உவர்ப்பும்

தமிழ்த்துறை வெளியிடும் இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று துறைத்தலைவர் அவர்கள் அன்புடன் கேட்டபோது எனக்குத் தயக்கமே மேலிட்டது. நான் இயற்பியல் படித்தவன். திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அதையே கற்பித்து ஓய்வு பெற்றவன். இக்கல்லூரியில் பயின்ற நாளில் பகுதி ஒன்று தமிழுக்கு நான் எழுதிய கட்டுரை ஒன்றின் ஓரத்தில், 'செய்தி உண்டு. நடை இல்லை' என்று பேராசிரியர் சிவப்பு மையால் எழுதித் தந்தது இன்றும் நெஞ்சில் நிற்கிறது. இப்போதும் என்னிடம் செய்தியே உண்டு. அது சில்லுகள் செய்யும் ஆலைகளைப் பற்றியது. அவற்றை ஆளத் தொடங்கியுள்ள இயந்திரக் கற்றல் என்னும் கணிப்பொறி முறையைப் பற்றியது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர்க்கு ஒன்று சொல்வேன். இச்செய்தி எனக்கு விளங்கியது தமிழர் பகுத்த அறுசுவையுள் இரண்டின் வழியாகத்தான்.

என் அத்தா தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தார். திண்டுக்கல்லை வெளியூரார் பூட்டால் அறிவர்; ஊருக்குள் வாழ்ந்த எங்களுக்கோ தோல் பதனிடும் தொட்டிகளே சோறு போட்டன. பேகம்பூர்ப் பக்கத்தில் காற்று திரும்பினால் சுண்ணாம்பும் பட்டையும் கலந்த அந்த வாடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பிட்டு வரும் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு மயிர் களைந்து, சதை நீக்கி, சுண்ணாம்பைப் போக்கியபின் பட்டைத் தொட்டிக்கு மாற்றுவார்கள். ஆவாரம்பட்டையும் வாட்டில் பட்டையும் ஊறிய நீர் அது. பட்டையிலுள்ள துவர்ச்சத்து தோலின் நாருக்குள் மெல்ல மெல்லப் புகவேண்டும். தொடக்கத்திலேயே நீர் கடுமையாக இருந்தால் மேற்பரப்பு மட்டும் இறுகி உள்ளே வழியடைத்துவிடும். நீர் வலுவிழந்தாலோ நடுத்தோல் பச்சையாகவே நின்றுவிடும். தோலின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து காண வழியில்லை. ஒரு துண்டை அறுத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அறுத்த தோலுக்கு விலை குறையும்.

ஆகவே அத்தா நாள்தோறும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு விரலை நனைத்து நாவில் வைப்பார். துப்புவார். பிறகு இத்தனை கூடைப் பட்டை என்று சொல்வார். அவ்வளவே.

இது நிற்க. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் சில்லு ஆலையொன்றில் பொறியாளராக இருக்கிறார். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தவர் என்னைக் காண வந்தார். 'அங்கே என்ன வேலை?' என்றேன். 'அரிப்பு வேலை சார்' என்று சிரித்தார். அவர் சொல்லியவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

சில்லு தனித்தனியே செய்யப்படுவதன்று. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் வட்டத்தகட்டின்மீது நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒருசேர உருவாகின்றன. அத்தகட்டை வேஃபர் என்பர். படலம் படியவைத்தல், ஒளியால் கோலம் வரைதல், வேண்டாத இடத்தை அரித்தெடுத்தல், மெருகிட்டுச் சமன்செய்தல் என்று பல நூறு படிகள். தொடங்கி முடிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அரித்தல் என்பது காற்று நீக்கிய அறைக்குள் வாயுவைச் செலுத்தி, மின்னாற்றலால் அதைப் பிளாஸ்மாவாக்கி, அதைக்கொண்டு குடைவது. குடையவேண்டிய அளவு நானோமீட்டர் கணக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு.

இங்கும் அதே இடர்தான். குடையும்போது பள்ளத்தின் ஆழத்தையும் வடிவத்தையும் நேரே பார்ப்பது பெரும்பாலும் இயலாது. குடைந்தபின் அளக்கலாம், ஆனால் அளக்கும் கருவி விலையுயர்ந்தது, நேரமும் பிடிக்கும். ஆகவே 25 தகடுகள் கொண்ட பெட்டியில் ஒன்றிரண்டையே அளப்பார்கள். எஞ்சியவை நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையையும் அறை கெடுக்கிறது. ஒவ்வொரு தகட்டையும் அரிக்கும்போது சுவரில் கசடு படிகிறது; நேற்று வைத்த அதே வாயு, அதே அழுத்தம், அதே மின்னாற்றல் இன்று வேறு பயன் தருகின்றன. சுவரைக் கழுவினாலோ அது இன்னொரு மாற்றம். கழுவி எடுத்த தோசைக்கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அது போல, கழுவிய அறையில் முதலில் நுழையும் தகடுகள் பிறழ்கின்றன. இல்லத்தார் எண்ணெய் தடவிக் கல்லைப் பழக்குவதுபோல், பொறியாளரும் பயன்படாத தகடுகளை முதலில் ஓட்டி அறையைப் பழக்குகிறார்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை எண்ணால் ஆளும் முயற்சி பழையது. அமெரிக்காவில் வால்ட்டர் ஷூஹார்ட் 1924-இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார்: இயல்பான ஏற்ற இறக்கம் எது, காரணம் தேடவேண்டிய பிறழ்வு எது என்று பிரித்துக் காட்டும் கோடுகள் அவை. அவரை 1947-48-இல் இந்தியாவுக்கு அழைத்துவந்தவர் நம் மகாலனோபிஸ். அந்த மகாலனோபிஸ் 1936-இல் வகுத்த 'தொலைவு' இன்று சில்லு ஆலைகளிலும் பயன்படுகிறது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. மனித உடலளவுகளை ஒப்பிடும் ஆராய்ச்சியில் பிறந்தது அக்கணக்கு. ஒன்றையொன்று சார்ந்து மாறும் பல அளவுகளைத் தனித்தனியே பாராமல் ஒருசேர எடுத்துக்கொண்டு, ஒரு பொருள் தன் கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அறையிலுள்ள உணரிகள் ஒவ்வொன்றும் தன்தன் எல்லைக்குள் நிற்கலாம். சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்பது புலப்படும்.

1990-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அடுத்த படியை எடுத்தனர். ஒரு முறை ஓட்டி முடித்தபின் வந்த பிழையை அளந்து, அதற்கேற்ப அடுத்த முறைக்கான அளவுகளைச் சற்றே திருத்துவது. பழைய பிழைகளுக்குக் குறைந்த மதிப்பும் புதியவற்றுக்கு மிகுந்த மதிப்பும் தருவர். பூட்டுத் தொழிலாளி தன் அரம் மழுங்க மழுங்க இழுப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்றதே இது. மெருகிடும் எந்திரத்தின் திண்டு தேயத் தேய நேரத்தைக் கூட்டுவதும் அவ்வாறே.

இயந்திரக் கற்றல் இதன்மேல் எழுந்தது. பிளாஸ்மாவின் ஒளி, வாயுவின் ஓட்டம், அழுத்தம், வெப்பம், திரும்பிவரும் மின்னாற்றல் என நூற்றுக்கணக்கான குறிகளைக் கணிப்பொறிக்குக் கொடுப்பர். அளந்து பார்த்த சில தகடுகளின் முடிவையும் கொடுப்பர். குறிகளுக்கும் முடிவுக்கும் உள்ள உறவை அது கற்றுக்கொண்டு, அளக்கப்படாத தகட்டின் ஆழத்தையும் கணித்துச் சொல்கிறது. அளக்காமலே அளப்பது என்று இதைச் சொல்லலாம்.

கேட்பதற்கு எளிதாயிருக்கிறது. எவ்வளவு அரிது என்பதைக் காட்ட ஒரு சான்று போதும். சில்லு ஆலையொன்றின் பதிவுகள் 2008 முதல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வின் தரவுக் களஞ்சியத்தில் யாவரும் பயிலும்படி வைக்கப்பட்டுள்ளன. கணிப்பொறி பயிலும் நம் மாணவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொருளுக்கும் 590 அளவுகள். மொத்தம் 1567 பொருள்கள். அவற்றுள் தேறாதவை 104 மட்டுமே. 'எல்லாம் நல்லவை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்பொறிகூட நூற்றுக்கு 93 மதிப்பெண் பெற்றுவிடும்! பயனோ சுழியம். பிடிக்கவேண்டியவை அந்த 104-தான். அவை இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் கற்பது கடினம். பரிசோதித்தவர் எவரும் குறியோடு முடிவையும் சேர்த்து எழுதி வைக்காவிட்டால் கற்பது கடினமன்று, இயலாதது.

மாணவர் இதை விளக்கிக்கொண்டு வந்தவர், இடையில் ஒன்று சொன்னார். 'சார், எங்களுக்குப் பெரிய தலைவலி உணரி கெட்டுப்போவது அன்று. அது கெட்டால் தெரிந்துவிடும். எண் அதே எண்ணாக இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் மாறிப் போயிருக்கும். அதுதான் ஆபத்து.'

நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 1977-ஆம் ஆண்டுக் கோடை நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் இளமறிவியல் இரண்டாமாண்டு முடித்திருந்தேன். ஷாப்பின் முதலாளிக்கு வெளியூர் வணிகர் ஒருவர் பார்க்கோமீட்டர் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். நீரில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைக் காணும் கண்ணாடிக் குழாய் அது. இயற்பியல் படிக்கும் பையன் வீட்டிலிருக்கிறானே என்று அதை என் கையில் கொடுத்தார்கள். அளவு 28-க்குக் கீழே இறங்கினால் பட்டை போடவேண்டும். இறங்காவிட்டால் வேண்டாம் என்பது கட்டளை. கோடு போட்ட குறிப்பேடு ஒன்றில் தேதி, தொட்டி எண், அளவு என்று மூன்று பத்தி இழுத்து நான் எழுதத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில் திருச்சியில் இருந்த அத்தை நோயுற்றார். அத்தா பத்து நாள் அங்கே போய்த் தங்க நேர்ந்தது. புறப்படும்போது என்னை அழைத்து, 'குழாயைப் பாரு, வேணாங்கலை. ஆனா ஒரு சொட்டு நாக்கில வச்சும் பாரு' என்றார். தலையாட்டினேன். வைத்துப் பார்க்கவில்லை. அந்த நீரின் நாற்றம் எனக்குக் குமட்டியது. கல்லூரிக்குப் போகிறவன் தோல் ஊறிய தண்ணீரை நக்குவதா என்ற எண்ணமும் இருந்தது. இரண்டாவதே பெரிது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பத்து நாளும் அளவு இறங்கவே இல்லை. ஒரு தொட்டியில் 30-க்குச் சற்று ஏறவும் செய்தது. எண் அசையாமல் நிற்பது எனக்குப் பெருமையாக இருந்தது. தொட்டியில் இறங்கி வேலை செய்த இளைஞர் ஒருவர், 'தம்பி, மேஸ்திரி இருந்தா இந்நேரம் நாலு கூடை எறங்கியிருக்கும்' என்றார். 'கணக்கு சரியாக இருக்கிறதே' என்றேன்.

அத்தா வந்தார். விரலை நனைத்து நாவில் வைத்தார். ஒன்றும் பேசாமல் தோலொன்றை வெளியே இழுத்து, கழுத்துப் பக்கம் ஒரு நறுக்கு அறுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரு விளிம்பும் பழுப்பு. நடுவே நூல்போல வெளுப்பு. தொட்டி முழுவதும் அப்படியே.

என்ன நேர்ந்தது என்பதைப் பிற்காலத்தில் இயற்பியல் கற்பித்தபோதுதான் தெளிவாக உணர்ந்தேன். அந்தக் கோடையில் தண்ணீர் இல்லை. தோலில் ஏறிய உப்பைப் போக்க நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பது வழக்கம், அதைக் குறைத்துவிட்டார்கள். உப்பு தோலோடு பட்டைத் தொட்டிக்குள் வந்தது. வெயிலில் தொட்டி நீரும் வற்றியது. துவர்ச்சத்து தோலுக்குள் போகப் போக நீர் மெலியவேண்டும். உப்பு அந்த இடத்தை நிரப்பியது. பார்க்கோமீட்டர் அடர்த்தியைத்தான் அறியும். அந்த அடர்த்தி துவர்ப்பால் வந்ததா, உவர்ப்பால் வந்ததா என்பதை அது அறியாது. நாவு அறியும். கருவி பொய் சொல்லவில்லை. எண்ணின் பொருள் மாறிப்போயிருந்தது.

அத்தா முதலாளியிடம் போய், 'நான் கிளம்பும்போதே பட்டை போட்டிருக்கணும், விட்டுட்டேன்' என்றார். மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் அதைப் பற்றி 1994-இல் கண்மூடும்வரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இவ்விடத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தொட்டிக்குள் இருந்த நீரை அளக்க நாவும் இருந்தது, குழாயும் இருந்தது. தொட்டியிலிருந்து வெளியே ஓடிய நீரை நாங்கள் எவரும் அளக்கவில்லை. அது சமவெளிக் கிணறுகளைக் கரிக்கச் செய்தது. வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது திண்டுக்கல் மாவட்டத்து ஆலைகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. அத்தாவின் திறமையைப் புகழும்போதெல்லாம் நான் இதையும் சேர்த்தே நினைப்பது வழக்கம். சில்லு ஆலைக்கும் மிகத் தூய நீர் பேரளவில் வேண்டும்; கடும் வேதிப்பொருள்களும் கழிவாகின்றன. அங்கே உணரிகள் எந்த வாயில்வரை வைக்கப்படுகின்றன என்பதை நம் இளைஞர்கள் கேட்கவேண்டும்.

மாணவரிடம் இவை அனைத்தையும் சொன்னேன். வெளியாரிடம் நான் சொன்னது அதுவே முதன்முறை. அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, நேச்சர் இதழில் 2023-இல் வந்த ஆய்வொன்றை எடுத்துரைத்தார். லாம் ரிசர்ச் என்னும் கருவி நிறுவனத்தார், சிலிக்கன் ஆக்சைடில் ஆழ்ந்த துளை ஒன்றை அரித்தெடுக்கும் வேலையைக் கணிப்பொறிக்குள் போலியாக அமைத்து, சரியான அளவுகளைக் குறைந்த செலவில் கண்டுபிடிக்கும்படி பொறியாளர்களுக்கும் கணிநெறிகளுக்கும் போட்டி வைத்தனர். முன்னறிவு இன்றித் தொடங்கிய கணிநெறிகள் பெரும்பாலும் தேர்ந்த பொறியாளரிடம் தோற்றன. ஆனால் குறிக்கோளுக்கு அருகே வந்தபின் நுண்ணிய திருத்தங்களில் பொறியாளர்தாம் செலவை ஏற்றினர். மூத்த பொறியாளர் பாதி வழி கொண்டுவந்து விட, அங்கிருந்து கணிநெறி தொடர்ந்தபோது செலவு பாதியாயிற்று. எந்த இடத்தில் கைமாற்றுவது என்பதே நுட்பம்.

கைமாற்றப் பட்டறிவு வேண்டுமே! நம் நாட்டில் சில்லு உற்பத்தி 1984-இல் மொகாலியில் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் அந்த ஆலை தீப்பற்றி எரிந்தது. மீண்டெழப் பல ஆண்டுகள் ஆயின. கட்டடமும் எந்திரமும் அழிந்ததைக் கணக்கிட்டார்கள். நாள்தோறும் அறையைப் பார்த்துப் பழகியவர்களின் தொடர்ச்சி அறுந்ததற்கு என்ன விலை என்பது கணக்கில் வாராதது. அதே மொகாலியில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவான விக்ரம் 3201 என்னும் செயலி 2025-இல் நாட்டுக்கு வழங்கப்பட்டது. குஜராத்தின் தொலேராவில் 91,000 கோடி ரூபாய்த் திட்டமாக டாடா நிறுவனம் தைவானின் பவர்சிப்புடன் கூட்டாக எடுத்த பேராலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாதம் 50,000 தகடுகள் என்பது இலக்கு. தரவுப் பகுப்பாய்வும் இயந்திரக் கற்றலும் அதன் அடிப்படையிலேயே இடம்பெறும் என்று அறிவித்துள்ளனர். அந்த எந்திரங்களுக்கு முதற்பாடம் சொல்லும் கைகளில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் கைகளும் இருக்கவேண்டும் என்பது என் பேராசை.

'சார், அந்தக் குறிப்பேடு இருக்கிறதா?' என்று மாணவர் கேட்டார். இருந்தது. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேதி, தொட்டி, அளவு. 'இதில் முடிவு என்ற பத்தியே இல்லையே' என்றார். கடைசிப் பக்கத்தில் மட்டும் என் கையெழுத்தில் 'நடுவே வெளுப்பு' என்றிருந்தது. அத்தா அன்றன்று நாவில் கண்டது ஒருநாள்கூட எழுதப்படவில்லை. எத்தனை கூடை என்பதும் எழுதப்படவில்லை. அவர் சொல்லியிருப்பார். நான் கேட்டதில்லை.

'அவரோடு வேலை பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா?'

அன்று என்னை எச்சரித்த அந்த இளைஞர் இப்போது எண்பதைக் கடந்தவர். மகன் வீட்டில் இருக்கிறார். மறுநாள் இருவரும் போனோம். கண் மங்கியிருந்தது, குரலைக் கொண்டு அறிந்துகொண்டார். குறிப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தொட்டி நீரை அவரும் சுவைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

'நாங்க எதுக்குத் தம்பி வாயில வைக்கணும்? மேஸ்திரி மூஞ்சியப் பார்த்தாப் போதுமே. வாயில வச்ச ஒடனே துப்பினா, கரிக்குதுன்னு அர்த்தம். நாலு கூடைய எடுத்துருவோம். கொஞ்ச நேரம் வச்சிருந்து, நாக்கால மேல்வாயைத் தடவிட்டுத் துப்பினா, துவர்ப்பு நிக்குது; ஒரு கூடை போதும். அவரு வாயத் தொறந்து சொல்றதுக்குள்ள கூடை எறங்கிரும்.'

மாணவர் என்னைப் பார்த்தார். பத்தொன்பது வயதுவரை நாள்தோறும் அந்த முகத்தைப் பார்த்தவன் நான். துப்புவதில் இரண்டு வகை உண்டென்று எனக்குத் தெரியாது.

'துப்பாம முழுங்கினா?' என்று மாணவர் விளையாட்டாகக் கேட்டார்.

முதியவர் சிரிக்கவில்லை. 'அது ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். தண்ணி பிரமாதமா இருந்தாத்தான் அது. அன்னிக்குப் பட்டையே கிடையாது' என்றார்.

நான் பேனாவைத் திறந்து, குறிப்பேட்டில் மூன்றாம் பத்திக்கு அடுத்திருந்த வெற்றிடத்தில் ஒரு கோடு இழுத்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், மெதுவாக, என்றேன்.